ம் கொட்டுகிறவர்கள்

ஓய்வு பெற்ற பிறகு பர்வதத்தின் கணவருக்கு ஒரே பைத்தியம். பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவில் திரட்டிய ஒரு காலாட்படையின் வரலாறுதான் அது. முதல் உலகப் போரில் ஒரே காலையில் மாண்ட எண்பத்தாறு பேரின் பெயர்களைத் தினமும் மத்தியானம் உரக்கப் படிப்பார். பர்வதம் அடுப்படியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டுவாள். ஒன்று தவறினாலும், "தூங்கிட்டியா?" என்பார்.

அவர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. சான் ரமோன் நகரத்து வீட்டில் இப்போது அவள்தான் தனியாக உட்கார்ந்து அந்தப் பெயர்களைப் படிக்கிறாள்.

அன்றைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே பிளானோ நகரத்திலிருந்து மகன் ஆதர்ஷ் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் தொடர்ந்தாள்.

"பெல்காசெம்... ஸ்லிமான்... தாஹர்..."

"அம்மா, வீட்ல யாரு, கெஸ்ட்டா?"

"ஒருத்தரும் இல்லியே."

"நீ பேர் சொல்லச் சொல்ல யாரோ ம், ம்ங்கறாங்க. ஒவ்வொண்ணும் வேற வேற குரல்மா."

"உனக்கும் கேக்கறதா? அப்பாடா! எனக்குத்தான் புத்தி பிசகிடுத்தோன்னு இருந்தேன்."

"நான் டிக்கெட் புக் பண்றேன். நீ இங்க வந்துடு."

"அதுல அப்பா குரல் இருக்காடா?"

அவள் மிச்சப் பெயர்களையும் படித்தாள். அவன் கடைசிவரை கேட்டான். "இல்லம்மா."

போனை வைத்தாள். எண்பத்தாறாவது பெயருக்கும் "ம்" வந்துவிட்டது. நாற்பத்துநான்கு வருடத்தில் புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இப்போது சொன்னாள்.

"சிவராமகிருஷ்ணன்."

அவருடைய "ம்"முக்காக அவளோடு சேர்ந்து எண்பத்தாறு பேரும் காத்திருந்தார்கள்.