இருபத்துநான்கு வளையங்கள்

மருமகள் பூரணியை குடல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் விழுங்கச் சொன்ன இருபத்துநான்கு குட்டி வளையங்களும் ஐந்தாம் நாள் எக்ஸ்ரேயில் அப்படியே வயிற்றுக்குள் நின்றன. இதற்குள் வெளியேறியிருக்க வேண்டுமாம். குடல் எதையும் நகர்த்துவதே இல்லையாம். செண்பகவடிவு படத்தை அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு வளையமாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்பது வருடங்களாக, பூரணி தட்டில் மிச்சம் வைத்தால், “என் சமையல் அவ்வளவு மட்டமாவா இருக்கு?” என்று இன்னொரு கரண்டி போட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

“இத்தனை வருஷமும் நான் போட்டதையெல்லாம் இங்கதான் வச்சிருந்தியா? வாயத் தொறந்து சொல்லக் கூடாதாடி?”

“சொன்னேனே அத்தை.”

செண்பகவடிவு முந்தானையால் படத்தின் வயிற்றை மெல்லத் துடைத்தாள். மதியம் எல்லாருக்கும் பரிமாறியவள், பூரணியின் தட்டருகே வந்ததும் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

“நீயே சொல்லு,” என்றாள்.