ஆய்வாளரின் குடை

நொறுங்கிய ஓடுகளைப் பிரித்துத் தகரம் போட அனுமதி கேட்டு மூன்று மழைக்காலமாக நடையாய் நடந்தாள் முத்துப்பேச்சி. போகும்போதெல்லாம் பேரூராட்சி ஆய்வாளர், "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, பாப்போம்" என்பார். இன்று கொட்டுகிற மழையில் அவரே பார்வையிட வந்தார். வாசலிலேயே அவர் குடையை மரியாதையாக வாங்கிக்கொண்டாள். நன்றாக ஒழுகும் இடத்திலிருந்த அண்டாவை நகர்த்திவிட்டு அங்கே நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்தவர் நகர்ந்த இடமெல்லாம் ஒழுகியது. ஆள் தெப்பமாக நனைந்துவிட்டார்.

"போதும்மா, பாத்துட்டேன். குடையக் குடு, கெளம்பணும்."

குடை, படுத்த படுக்கையாய்க் கிடந்த அவள் புருஷனின் தலைக்கு மேல் விரிந்திருந்தது. மழை நாளில் அவன் முகம் நனையாமலிருந்தது இதுதான் முதல் தடவை.

முத்துப்பேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், பாப்போம்."