சின்ன அடுப்பு

இருந்தவர்கள்: ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அவள். வாசற்படியில் கணவன். குழாயடியில் பிலோமினா அக்காவும் குடத்தோடு இரண்டு பெண்களும். அடுக்களையில் மாமியார்.

இருக்கையின் மேல் பனி உப்பாகப் பூத்திருந்தது. கையால் தட்டிவிட்டுக் கிக்கரை உதைத்தாள்.

ஒன்றுமில்லை.

அவளுக்குக் குன்னூரில் ரேஷன் கடை எடையாளர் வேலை. ஆணை வந்துவிட்டது. சேர இன்றுதான் கடைசி நாள். காலையிலேயே போய் நிற்க வேண்டும். முதல் பேருந்துக்குக் காத்திருந்தால் ஆகாது.

"வண்டி ஸ்டார்ட் ஆனா போ," என்றான் கணவன். "ஆகலைன்னா பேசாம உள்ள வா. இதோட வேலைப் பேச்சு முடிஞ்சுது."

குழாயடிக்கும் கேட்கும்படி சொன்னான்.

ராத்திரியில் இன்ஜின் மேல் சாக்குப் போட்டு மூடுவது அவன் வழக்கம். நேற்று மூடவில்லை. சாக்கு படிக்கு அடியில் மடித்தபடி இருந்தது. காய்ந்திருந்தது.

சாக்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

அவன் வானத்தைப் பார்த்தான்.

சோக்கை இழுத்தாள். உதைத்தாள். பெட்ரோல் இறங்கட்டும் என்று வண்டியைத் தன் பக்கம் சாய்த்தாள். கனத்தது. இடுப்பில் தாங்கினாள்.

"பாத்து சாய் புள்ள. அது உன் மடியில படுத்துக்கப் போவுது," என்றாள் பிலோமினா அக்கா.

பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் கணவன் சிரித்தான்.

நிமிர்த்தி உதைத்தாள். வண்டி ஒருமுறை இருமியது. கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் எரிந்தது. முகத்தில் காட்டவில்லை.

பக்க மூடியைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். கறுப்பு. ஈரம். ஊதிப் பார்த்தாள். துடைத்துப் பார்த்தாள். இந்தக் குளிரில் அதெல்லாம் போதாது.

தீயில் காட்ட வேண்டும்.

தீ வீட்டுக்குள் இருந்தது.

பிளக்கோடு படியேறினாள். கணவன் ஒதுங்கி வழிவிட்டான். ஜெயித்தவன் விடும் வழி.

"பை வெளிய கிடக்குது பாரு. அதையும் எடுத்து உள்ள வெச்சிரு."

அவள் நிற்கவில்லை.

பெரிய அடுப்பில் அவன் குளிக்க வெந்நீர். சின்ன அடுப்பில் அவனுக்குப் பால். பொங்கும் நேரம்.

இந்த வேலையைப் பற்றி மாமியார் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

மாமியார் அவள் கையைப் பார்த்தாள். பாலை இறக்கித் தரையில் வைத்தாள். இடுக்கியை எடுத்து நீட்டினாள்.

"சின்ன அடுப்புலயே காட்டு. பெருசுல காட்டினா கரி பிடிக்கும்."

ஸ்கூட்டர் முன்பு மாமனார் ஓட்டியது.

பிளக்கில் இருந்த பெட்ரோல் குப்பென்று பற்றி அடங்கியது. கறுப்பு மெல்ல வெளுத்தது.

"அம்மா, பால் என்னாச்சு?" வாசலிலிருந்து கணவன்.

"அடுப்பு காலியில்லடா. இரு."

இடுக்கியோடு வெளியே வந்தாள். ஓடவில்லை. அவர்கள் முன்னால் ஓடக் கூடாது. வேகமாக நடந்தாள்.

துணியால் பிடித்துத் திருகினாள். விரல் சுட்டது. சுடட்டும்.

உதைத்தாள்.

பிடித்தது.

வாசல் முழுக்கப் புகை. முறுக்கினாள். தேவைக்கு மேலேயே முறுக்கினாள். குழாயடியில் யாரும் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்தது.

பையை முன்னால் வைத்தாள். கணவனை நேராகப் பார்த்தாள்.

"ஆயிருச்சு," என்றாள்.

அவன் முகம் சிவந்தது.

"நில்லு. நானும் வர்றேன். இவ சேர மாட்டான்னு நானே அங்க வந்து சொல்றேன். சட்டையை மாட்டிட்டு வர்றேன், நில்லு."

உள்ளே போனான்.

மாமியார் வெளியே வந்தாள். தோளில் கம்பளிகூட இல்லை. மருமகளைப் பார்க்கவில்லை. குழாயடியைத்தான் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக.

பார்த்தபடியே கதவை இழுத்துச் சாத்தினாள். நாதாங்கியை மாட்டினாள்.

பூட்டினாள்.