கதிரேசன் கட்டிய எஞ்சின்

புகையும் பழைய பீட்டில் காரின் பின்மூடியை மெக்கானிக் அன்வர் பாஷா அவசரமாகத் தூக்குகிறார். அடையாறு வெயில் எஞ்சின்மேல் பளீரென்று விழுகிறது. கிண்டி மெக்கானிக் கதிரேசன் பிரித்துக் கட்டிய எஞ்சின். மூன்று வருஷமாகியும் ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. பாஷாவுக்கு வயிறு எரிகிறது.

"ரிப்பேர் பண்ணா போதாதா பாய்? பத்து வருஷம் ஓடும்னு கதிரேசன் அண்ணன் சொன்னாரே," என்கிறாள் காரின் சொந்தக்காரி ஷீலா.

"அவரு இன்னா வேணாலும் சொல்லுவாரும்மா, பெரிய கைராசிக்காரரு. இது தேறாது. எஞ்சினையே மாத்திடு."

அவள் முகம் வாடி, வீட்டுக்குப் போன் செய்யத் திரும்புகிறாள். காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின் அது. காற்றாடியின் வாயை அடைத்திருக்கும் துணியைப் பாஷா சத்தமில்லாமல் உருவி ஜேபியில் திணிக்கிறார். நேற்று ஆயில் மாற்றும்போது அவரே மறந்து விட்ட துணி.