மஞ்சள் பூசிய கோழி

“இதுல எது நம்ம கோழின்னு அந்தக் கோழிகளுக்காவது தெரியுமாம்மா?” என்று கமருனின் மகள் ஒருமுறை கேட்டாள். கமருனுடையது ஜப்பான் பேண்டம் என்ற குட்டைக்கால் இனம். பக்கத்து வீட்டு ஜெசிந்தாவுடையது செரமா இனம். இரண்டும் வெள்ளை, இரண்டும் புறா அளவு. கோழிகளுக்கு அம்மை கண்டபோது ஜெசிந்தாதான் இரண்டுக்கும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடம்பெல்லாம் பூசி, ஒரே கூடையால் மூடிவைத்தாள். காலையில் கூடை சாய்ந்து கிடந்தது. ஒன்றைக் கீரி கொண்டுபோயிருந்தது.

“இது என்னோடதுக்கா. கால் குட்டையா இருக்கு பாருங்க” என்றாள் கமருன்.

“சுருண்டு கிடக்கிற கோழிக்குக் காலை எங்க பாக்குறது? செரமான்னா நெஞ்சை நிமிர்த்தும். நிறுத்திப் பாப்போம்.”

“காய்ச்சல்காரி எப்படிக்கா நிமிர்த்துவா?”

தூக்கிப் பார்த்தார்கள், நிறுத்திப் பார்த்தார்கள், வாலை விரித்துப் பார்த்தார்கள். கையெல்லாம் மஞ்சள் ஆனதுதான் மிச்சம். “உன் பிள்ளை அழுறா. எடுத்துட்டுப் போ” என்று ஜெசிந்தா எரிச்சலோடு எழுந்துவிட்டாள்.

மஞ்சள் உதிர்ந்து, உடம்பு தேறிய கோழி ஒருநாள் கமருனின் வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா கோயிலுக்குப் போனதும், கமருன் அவளுடைய கூண்டைத் திறந்து கோழியை உள்ளே விட்டாள். அது இட்டிருந்த முட்டைகளையும் பக்கத்தில் வைத்து, கதவை மெல்லச் சாத்தினாள்.