வலியில்லாப் பட்டு

தேன்கனிக்கோட்டை அருகே ஒரு பட்டு ஆலையில், புழு முட்டைகளை நுண்ணோக்கியில் சோதிப்பது மாதேஸ்வரியின் வேலை. மரபணு மாற்றிய அந்தக் கருக்களில் சூட்டை உணரும் நரம்புச் செல் வளரக் கூடாது. அவள் பார்த்து முத்திரை வைத்தால்தான் 'வலியில்லாப் பட்டு' என்று விற்க முடியும்.

அன்று பார்த்த கரு எதிலும் அந்தச் செல் இல்லை. ஆனால் அதே தொகுதி முட்டைகளில் முன்பே பொரிந்திருந்த புழுக்களின் அருகே சுடு ஊசியைக் கொண்டுபோனபோது அவை சுருண்டன.

"செல்லே இல்லையேம்மா, எப்படி வலிக்கும்?" என்றார் மேலாளர்.

"அப்ப ஏன் சார் சுருளுது?"

அவர் மறுபடியும் நுண்ணோக்கியில் பார்த்தார்.

உள்ளே புழு உயிரோடிருக்கும் கூடுகளைக் கொதிநீரில் போடுபவன் அவள் கணவன் வேடியப்பன். மனசு கேட்காமல் அந்த வேலையை விட்டவன், இந்தப் புழுக்களுக்கு வலிக்காது என்ற அவள் பேச்சை நம்பித்தான் திரும்பி வந்திருந்தான். மதியச் சாப்பாட்டின்போது, "இன்னைக்கும் சரிதானே?" என்று கேட்டான்.

"தெரியலைங்க. செல் இல்ல. ஆனா சூடு காட்டினா சுருளுது."

அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வேலைக்குப் போனான். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. போன மாதம் அவள் முத்திரை வைத்த முட்டைகளின் கூடுகள் கூடை நிறைய இருந்தன. கூடையைத் தூக்கியவன், கொட்டவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றான்.