மாடியில் இருவர் மேசை

நகர வழிகாட்டி நூலின் புதிய பதிப்புக்காக, போன பதிப்பில் நீக்கிய இடங்களை மறுபடி நேரில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி இடங்களை எனக்காகச் சரிபார்த்துத் தந்தவள் என் மனைவி மதுரவல்லி. அவள் இறந்து ஐந்து மாதமாகிறது. பழைய பட்டியலில் துறைமுகத் தெரு காபிக் கடைக்கு நேராக 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. கடை திறந்திருந்தது.

"எப்ப மறுபடி தொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"மூடவே இல்லையே சார்," என்றார் சர்வர். "எவனோ புத்தகத்துலேர்ந்து எங்களத் தூக்கிட்டான். வெளியூர்க்காரங்க வரத்தே நின்னுபோச்சு. அவன் மட்டும் கையில கெடச்சான்னா..." என்றவர், நான் கொண்டுவந்திருந்த அவளுடைய குடையைப் பார்த்து நிறுத்தினார்.

"இது வியாழக்கிழமை அக்காவோட குடையாச்சே. பிடி ஒடஞ்சப்ப நாந்தான் கம்பி சுத்திக் குடுத்தேன். அவங்களும் கூட வர்ற அந்தச் சாரும் வந்து மாசக்கணக்காச்சு. நல்லாருக்காங்களா?"

வியாழக்கிழமைகளில் நான் அச்சகத்தில் இருப்பேன்.

"நல்லாருக்காங்க," என்றேன்.

அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்தேன். காபி நன்றாக இருந்தது. நோட்டை எடுத்து எழுதினேன்: காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை. விடுமுறை கிடையாது. மாடியில் இருவருக்கான மேசை உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.